நான் ஊற்றிய கழிவு ஆயில்

இன்றைக்கும் யாராவது என்னிடம், "பாய், பழைய ஜீப் ஒண்ணு வச்சிருந்தியே, என்னாச்சு?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வித்துட்டேன் என்று மட்டும் சொல்வேன். மேலே கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். எழுத உட்கார்ந்த பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிடுகிறேன்.

வளைகுடாவில் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு 2004-ல் கூனிமேட்டுக்குத் திரும்பினேன். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் ஐந்து வயது மகள் அவள் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இவரு?" என்றாள். சிரித்துச் சமாளித்தேன். உள்ளே போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன். இனிமேல் அந்தப் பாலைவனத்துப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஊரிலேயே ஒரு பிழைப்பு வேண்டும். எனக்குத் தெரிந்தது ஸ்டியரிங் ஒன்றுதான்.

மரக்காணத்து உப்பளக்காரர் ஒருவரிடம் பழைய மிலிட்டரி ஜீப் கொட்டகையில் கிடந்தது. சுனாமி வந்த டிசம்பரில் கடல்தண்ணீர் அந்தக் கொட்டகைக்குள் புகுந்து, ஜீப்பின் அச்சு முழுக நின்று வடிந்திருந்தது. அவருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பொங்கல் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"எடுத்துட்டுப் போப்பா, உனக்கே வச்சுக்க. நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி ரெடி பண்ணிக் கொண்டா. மழைக்காலத்துல உப்புக்கு நல்ல விலை வருது, ஆனா வரப்பெல்லாம் சேறாயிடுது, லாரி உள்ள வர மாட்டேங்குது. கீத்து மூடி அம்பாரம் அம்பாரமா கிடக்குது பாரு, அதை ரோட்டுக்கு ஏத்தற வேலை பூரா உனக்குத்தான். மழைக்குள்ள வரலேன்னா டிராக்டர்காரனுக்குச் சொல்லிடுவேன், அப்புறம் என்னைக் கோச்சிக்காத."

மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "மழை வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள வண்டி ஓடலேன்னா, எங்க அண்ணன் விசா அனுப்பறேன்னு சொல்லுது, பேசாம கிளம்பிடுங்க. பொண்ணை வச்சுக்கிட்டு விளையாட முடியாது." நியாயமான பேச்சுதான். ஜீப் ஓடினால் நான் வீட்டில். ஓடாவிட்டால் மறுபடி விமானம்.

ஜீப்பை இழுத்துக்கொண்டு போய் அனுமந்தையில் நிறுத்தினேன். வேறு எங்கே நிறுத்துவேன்? அங்கே ரோட்டோரம் ஷெட் போட்டிருந்த மெக்கானிக் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். மீனவர் வீட்டுப் பிள்ளை. லாரியிலிருந்து போட் என்ஜின் வரை அவன் கை படாத இரும்பு எங்கள் பக்கத்தில் இல்லை. நோன்புக் காலத்தில் எங்கள் வீட்டுக் கஞ்சிக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பான். நான் வெளிநாட்டில் இருந்தபோது என் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவன்தான். அவளுக்கு அவன் மாமா. எனக்கு மாப்ள. அவனுக்கு நான் பாய்.

அவன் ஷெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் காற்றில் உப்பு இருக்கிறது. கழற்றிப் போட்ட இரும்பு பத்தே நாளில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். அதனால் அவன் ஷெட்டின் நடுவில் ஒரு பெரிய டிரம் நிறையக் கழிவு ஆயில் வைத்திருப்பான். யாருடைய பொருளைக் கழற்றினாலும் கயிறு கட்டி அதற்குள் இறக்கிவிடுவான். அடையாளத்துக்கு ஆளுக்கொரு நிறக் கயிறு. கயிற்றின் நுனி டிரம் விளிம்பில் தொங்கும். ஷெட்டுக்கு ஒரு சட்டமும் உண்டு: எவன் பொருள் ஊறுகிறதோ அவன்தான் ஆயில் கொண்டு வந்து ஊற்ற வேண்டும். டிரம்முக்குள் அவனைத் தவிர வேறு யாரும் கை விடுவதில்லை. விட்டால் முழங்கை வரை கறுப்பாகிவிடும், யாருக்கு வேண்டும்?

மாசி மாதத்தில் ஜீப்பின் அடிப்பெட்டிகளைத் திறந்தோம். கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். என்ஜினின் இழுப்பை முன்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் ஜீப் வெறும் ஜீப், சேற்றில் நாலு அடி போகாது. அதற்குள் நடுநாயகமாக ஒரு கியர், இரண்டு தட்டு வைத்த பல்சக்கரம். பழைய கிரீஸ் அப்பிக் கிடந்த அதை என் கையால்தான் வெளியே எடுத்தேன். பச்சை நைலான் வலைக்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, உப்பு மூட்டையின் வாய்க்குப் போடும் முடிச்சைப் போட்டேன்.

"என்னா பாய், கியரா, உப்பு மூட்டையா?" என்று சிரித்தான்.

மறுநாள் பேரிங் வாங்க நான் பாண்டிச்சேரி போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"பாய், மோசம் போச்சு. கெரசின் ஊத்திக் கழுவினப்புறம்தான் தெரிஞ்சுது. பல்லு அடியில கீறல். மாட்டுனா பெட்டியே வெடிச்சிடும்."

"எங்க, காட்டு."

"காயலான் கடைக்காரன் வந்தான், தூக்கிப் போட்டுட்டேன். அத வச்சுக்கிட்டு இன்னா பண்ணப்போற? வேற தேடுவோம். கிடைக்கும் பாய், நான் இருக்கேன்ல?"

நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்? என் குழந்தையை நம்பி விட்ட ஆளிடம் ஒரு இரும்புத் துண்டுக்கா சாட்சி கேட்பேன்?

அன்று ஆரம்பித்த அலைச்சல். சென்னைப் புதுப்பேட்டையில் சந்து சந்தாக ஏறி இறங்கினேன். "அந்த மாடலா? அதெல்லாம் எப்பவோ உருக்கிட்டாங்க தம்பி" என்றார்கள். திருச்சியில் ஒருவர் கோணிப்பைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். பிள்ளையைக்கூட அப்படிப் பத்திரமாகத் தூக்கிவந்திருக்க மாட்டேன். மாப்ள பல்லை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு பல்லு கம்மி பாய், சேராது" என்றான். அந்த ஒரு பல்லுக்காக இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சேலத்தில் ஒரு வயசான காயலான் கடைக்காரர் நான் கேட்டதைக் கேட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்பா, வண்டியில எல்லாம் உடைஞ்சப்புறம்தான் அந்தக் கியர் உடையும். நான் இந்தத் தொழிலுக்கு வந்து அதுல கீறலைப் பார்த்ததில்ல. உடைஞ்சுதுன்னு நீ கண்ணால பார்த்தியா?"

எனக்குக் கோபம் வந்ததே பாருங்கள்! "என் மெக்கானிக் பொய் சொல்ல மாட்டான் பெரியவரே, உங்ககிட்ட இருந்தா இருக்குதுன்னு சொல்லுங்க, இல்லேன்னா ஆளை விடுங்க" என்று கத்திவிட்டு வந்தேன். அந்த மனிதரிடம் இப்போதாவது மன்னிப்புக் கேட்க வேண்டும். இருக்கிறாரோ இல்லையோ.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்தால் நான் நேரே போவது அந்த ஷெட்டுக்குத்தான். போகும்போது கூனிமேட்டில் லாரிக்கு ஆயில் மாற்றும் கடையில் ஒரு கேன் கழிவு ஆயில் பிடித்துக்கொண்டு மொபெட்டில் கொண்டு போய் டிரம்மில் ஊற்றுவேன்.

ஒருநாள் அவன் கேட்டான். "உன் பொருள் ஒண்ணும் இதுல இல்லியே பாய், நீ எதுக்குக் கொண்டாற?"

"உனக்காகத்தான்டா. நீ எனக்காக இவ்ளோ கஷ்டப்படறியே."

சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் நல்லபடியாக எடுத்துக்கொண்டேன்.

பிரேக், பாடி, டிங்கர் வேலை, பெயிண்ட் எல்லாம் முடிந்து ஜீப் மாப்பிள்ளை மாதிரி நின்றது. பின்சக்கரத்தில் ரோட்டில் ஓடவும் செய்தது. அந்த ஒரு கியர் மட்டும் இல்லை. ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. உப்பளக்காரர் முன்னால் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "டிராக்டர்காரன் சங்கிலி மாட்டி எப்படியோ ஓட்டறேன்னுட்டான்பா" என்றார். வரப்பில் நின்று கீற்று மூடிய உப்பைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் அதன் அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

மச்சான் விசா அனுப்பிவிட்டார். மனைவி ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. பெட்டியைத் தட்டி வெயிலில் வைத்தாள், அவ்வளவுதான்.

மாப்ளதான் ஆள் பிடித்துக் கொடுத்தான். பொம்மையார்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருந்த ஒருவர். "அங்க வாசல்ல அழகுக்கு நிறுத்தி வைப்பாங்க பாய். ஓடணும்னு இல்ல. நீ போற நேரத்துல இத வச்சுக்கிட்டு இன்னா பண்ணுவ?" என்றான். எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டே பேசினான். சாவியைக் கொடுத்தேன். அவன் என் தோளைத் தட்டினான்.

புறப்படும் நாள், 2006 தொடக்கம். காலையில் அவனிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பழக்கதோஷம், கையில் ஒரு கேன் ஆயில். அவன் ஷெட்டில் இல்லை. போட் என்ஜின்காரர் ஒருவர் பெஞ்சில் காத்திருந்தார்.

"ஏம்பா, நீ எப்பவும் இங்கதானே கிடப்ப. என் பொருளைக் கொஞ்சம் எடுத்துக் குடேன். கடலுக்கு நேரமாவுது. மஞ்சக் கயிறு."

சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். விளிம்பில் தொங்கிய கயிறுகளெல்லாம் ஒரே கறுப்பு. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கனத்தது. இது போட் சாமான் கனமில்லையே என்று நினைக்கும்போதே மேலே வந்துவிட்டது. இரண்டு தட்டு. கட்டைவிரலால் கயிற்றைத் துடைத்தேன். பச்சை. உப்பு மூட்டை முடிச்சு. என் முடிச்சு.

"அது இல்லப்பா" என்றார் அவர். "அது கெஸ்ட் ஹவுஸ் ஜீப்புது. ரொம்ப நாளா இதுலதான் கிடக்குது. அவங்க வண்டியெல்லாம் இனிமே இவன்தான் பார்க்கப் போறானாம். அந்த ஜீப்பை முடிச்சுத் தர்றேன்னு கோடையிலயே வாக்குக் குடுத்துட்டான். நாளைக்கு மாட்டறான். அதை வுடு, என்னுது மஞ்சள்."

யா அல்லாஹ்! பல்லைத் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லாக. ஒரு கீறல் இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்களே, நான் அதற்கும் மேலே போனவன். வெண்ணெய் கெட்டுப்போகாமல் வாரா வாரம் நானே போய்ப் பாதுகாத்திருக்கிறேன்.

மஞ்சள் கயிற்றைத் தேடி எடுத்து அவரிடம் கொடுத்து அனுப்பினேன். கியரைக் கேன் ஆயில் சிந்தின துணியில் சுற்றி மொபெட்டில் வைத்துக்கொண்டு நேரே உப்பளத்துக்குப் போனேன். கெட்ட எண்ணத்தோடுதான் போனேன், அதை மறைக்கவில்லை. பாத்தியில் போட்டால் போதும், உப்புத்தண்ணீர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை, அந்தக் கெஸ்ட் ஹவுஸுக்கும் இல்லை. துரோகி, துரோகி என்று வாய்விட்டே சொன்னேன். பாத்தி மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கையை ஓங்கினேன். போட முடியவில்லை. எத்தனை ஊர், எத்தனை பஸ், இது கண்ணில் பட்டால் போதும் என்று எத்தனை துஆ! இரும்பு என்ன பாவம் செய்தது?

திரும்பி வந்து, அதே இடத்தில், அதே முடிச்சோடு டிரம்முக்குள் இறக்கினேன். கொண்டு வந்த கேனைத் திறந்து அது முழுகும் வரை ஊற்றினேன்.

அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது காரணம் சொல்வான். நான் அந்தக் காரணத்தையும் நம்பிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

சாயங்காலம் சென்னை பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றோம். மனைவி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவனும் வந்திருந்தான். என் மகள் அவன் தோளில் உட்கார்ந்து அவன் தலைமுடியைப் பிடித்திருந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்தது.

"கவலைப்படாம போய்ட்டு வா பாய். பாப்பாவ நான் பார்த்துக்கறேன்" என்றான்.

நான் மகளை அவன் தோளிலிருந்து இறக்கி அவள் அம்மா கையில் கொடுத்தேன்.

"காலையில ஷெட்டுக்கு வந்தேன்டா, நீ இல்ல. டிரம்முல ஆயில் குறைஞ்சிருந்துது, ஊத்திட்டு வந்தேன்."

"எதுக்கு பாய், ஊருக்குப் போற நேரத்துல..."

"எவன் பொருள் ஊறுதோ அவன்தானே ஊத்தணும்?"

பஸ் வந்துவிட்டது. என் பெட்டியை மேலே ஏற்றக் கைகொடுக்கக் குனிந்தவன், பாதியில் கையை இழுத்துக்கொண்டான். நானே தூக்கி வைத்துக்கொண்டேன்.