மங்கில் வந்த சீனி

மங்கு என்று நாங்கள் சொல்லும் கிண்ணத்தில் ஈரம் காய்வதற்குள் சீனியைப் போட்டால் அடியில் இருப்பது கரைந்துவிடும். ஓரத்தில் இருப்பது மட்டும் நறநறவென்று நிற்கும். சரசு அத்தை வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்து வருவதற்குள் அந்த ஓரத்தை நான் விரலால் வழித்து நக்கிவிடுவேன். அந்தச் சீனியால்தான் எங்கள் லயத்தில் கொஞ்ச காலம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரிந்தோம்.

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டம் அது; தொழிலாளர்களுக்கு ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசைதான் லயம். எனக்கு அப்போது பத்து வயது. பால்மரங்களில் பாதியைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டார்கள். எங்கள் வரிசையில் கடைசி வீடு சரசு அத்தையின் கணவர் வேலு மாமாவுடையது. பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுத்தவர். அவருக்கு "இனிப்பு நீர்", சர்க்கரை வியாதி. காலில் முள் குத்தி, புண் ஆறாமல் போய், இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிறகு வலது காலிலும் புண் வந்தது. வாரம் இரண்டு தடவை டவுனுக்குப் போய்க் கழுவிக் கட்ட வேண்டும், விட்டால் அந்தக் காலும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என் அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பிள்ளைகளை இறக்கிவிட்டு வேலு மாமாவை ஏற்றிக்கொண்டு போவார். வேன் எண்ணெய்க்கு லயத்து வீடுகள் சேர்ந்து காசு கொடுத்தன. சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போகும். சாயங்காலமானால் அம்மா நீலப் பூப் போட்ட மங்கில் குழம்பை ஊற்றி என் கையில் கொடுப்பாள். கொடுக்கும்போதே சொல்லுவாள்:

"குடுத்துட்டு ஓடி வந்துறாத. அடுப்பு எரியுதா, என்ன வேகுதுன்னு பாத்துட்டு வா."

உதவி என்றால் எங்கள் லயத்தில் அப்படித்தான். கொடுப்பார்கள், கண்ணையும் கூடவே அனுப்புவார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன்னால் ஒருத்தர், ஊரில் தாயார் செத்துப்போனாள் என்று அழுது எல்லா வீட்டிலும் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த தைப்பூசத்துக்கு ஈப்போ போனபோது அந்தத் தாயார் பால்குடம் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்து போனாள்.

சரசு அத்தை மங்கைக் கழுவித்தான் தருவாள். கழுவினாலும் வெறுமையாகத் தரமாட்டாள். முதலில் கொஞ்சம் கறிவேப்பிலை வந்தது. அப்புறம் இரண்டு பச்சை மிளகாய். அதெல்லாம் வீட்டுக்குப் பின்னால் காய்ப்பது, அம்மா கண்டுகொள்ளவில்லை. பிறகு சீனி வர ஆரம்பித்தது. ஒருநாள் இல்லை, தினமும்.

அந்த நேரம் பார்த்துக் கடையில் சீனித் தட்டுப்பாடு. ஆளுக்கு ஒரு பொட்டலம், அதுவும் தெரிந்த முகமாக இருந்தால்தான். நாங்களே கோப்பியில் பாதிச் சீனிதான் போட்டோம். அம்மா மங்கை வாங்கி விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தாள்.

"கையில ஒண்ணுமில்லாதவளுக்கு எங்கருந்துலா இவ்வளவு சீனி?"

அப்பா வேன் சாவியை ஆணியில் மாட்டினார். அம்மா என்னைப் பார்த்தாள். "உள்ள வேற என்ன பாத்த?"

"கட்டிலுக்கு அடியில ஒரு தகரப் பெட்டி. பூட்டு போட்டிருக்கு."

பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். மறுநாள் காலையில் அந்தப் பேச்சு குழாயடிக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று அம்மாவைக் கேட்டால் அப்பா சொன்னார் என்பாள், அப்பாவைக் கேட்டால் முறைப்பார். குழாயடியில் கெங்கம்மாக்காதான் பெரிய வாய். கட்சிக்காரங்க வேலு மாமா வீட்டுக்கு அரிசி மூட்டையோடு வந்து படம் பிடித்துக்கொண்டு போனதையும், டவுனில் இருந்து ஒரு கூட்டம் பொட்டலம் கொண்டுவந்ததையும் அவள் விடாமல் பார்த்திருந்தாள்.

"பூட்டு எதுக்குடி போடுவாங்க? உள்ள இருக்கப் போயிதான் போடுறாங்க! நாம எண்ணெய்க்குக் குடுக்குறோம், அவ பொட்டி நெறையுது."

அடுத்த முறை எண்ணெய்க் காசுக்கு என்று அப்பா போனபோது ஒரு வீட்டில் ஆள் குளித்துக்கொண்டிருந்தார். இன்னொரு வீட்டில் சம்பளம் வரவில்லை. கெங்கம்மாக்கா வீட்டில் கதவே திறக்கவில்லை, உள்ளே ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் வேன் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. பெரிய ரோட்டுக்கு நடந்து போய் பஸ் ஏற வேலு மாமாவுக்குக் காலும் இல்லை, டாக்சி பிடிக்கக் காசும் இல்லை. மங்கு மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. ஒருநாள் நான் உள்ளே நுழைந்ததும் புண் அழுகிய நாற்றம் அடித்தது. வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு, மங்கையும் சீனியையும் அப்படியே எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

வாசலிலேயே கேட்டுவிட்டாள். "சரசு, மனசுல வச்சுக்கிட்டு இருக்க மாட்டேன். இந்தச் சீனி ஏது?"

சரசு அத்தை இடுப்பில் இருந்த சாவியை எடுத்தாள். பெட்டியை இழுத்துத் திறந்தாள். உள்ளே சீனிப் பொட்டலங்கள், டின் பால், கிரீம் பிஸ்கட். மூடி அழுந்தி மூடும் அளவுக்கு அடுக்கியிருந்தது.

"வாரவங்க எல்லாரும் ஒரே மாதிரி பொட்டலம் கொண்டாராங்கக்கா. அரிசி தீந்துருச்சு, எண்ணெ தீந்துருச்சு. இது தீர மாட்டேங்குது. இனிப்பு நீர்க்காரன் வீட்டுல இத யாரு திங்கிறது?"

"அதுக்கு எதுக்கு பூட்டு?"

"பின்ன? நான் துணி தொவைக்கப் போனா இவரு ஒத்தக் காலோட நகந்து வந்து டின் பால ஒடச்சுக் குடிக்கிறாரு."

கட்டிலில் இருந்து வேலு மாமாவின் குரல் வந்தது. "பொய்யிக்கா. ஒரு டின்னுதான். அதையும் பாதியில புடுங்கிட்டா."

அம்மா சிரிக்கவில்லை. "இதெல்லாம் வேணாம்னு கொண்டாரவங்ககிட்ட சொல்லித் தொலைக்கிறதுதான?"

"சும்மா குடுக்கிறவங்ககிட்ட இது வேணாம், அது குடுன்னு எந்த வாயால கேக்குறது? உங்ககிட்ட இருந்து மங்கு வருது, வெறும் மங்கா திருப்பிக் குடுக்க முடியுமா? என்கிட்ட இருந்தது இதுதான்."

அம்மா குனிந்து இரண்டு டின் பாலைக் கையில் எடுத்து அடியில் திருப்பிப் பார்த்தாள். அதில் என்ன பார்த்தாள் என்று தெரியாது. அவளுக்கு நம்புவதற்கு நேரம் பிடிக்கும்.

அன்றே என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பெட்டியில் இருந்த சீனியைக் கொடுத்து முட்டை வாங்கினாள், பருப்பு வாங்கினாள், கீரை வாங்கினாள். எல்லாம் கடைசி வீட்டுக்குப் போனது. கெங்கம்மாக்காவும் சீனியை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டே, அம்மா படி இறங்குவதற்குள் பக்கத்து வீட்டைப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப இவ வியாபாரம் ஆரம்பிச்சுட்டா பாரு."

அம்மா காதில் விழுந்தது. திரும்பவில்லை.

மறுநாள் காலை அப்பா யாரிடமும் காசு கேட்காமல் வேலு மாமாவை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தார். புண்ணில் சீழ் வைத்து மேலே ஏறியிருந்ததாம். இரண்டு கால்விரலை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கால் போயிருக்கும் என்றார். அவ்வளவுதான் சொன்னார், குளிக்கப் போய்விட்டார்.

விடிந்ததும் அம்மா குழாயடிக்கு வாளியோடு போனாள். பெண்கள் வரிசையில் நின்றார்கள். முகத்தைக் குழாயை நோக்கி வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அவருக்கு ரெண்டு வெரலு போச்சு. அது நம்ம லயத்துக் கணக்கு. என்னையும் சேத்துதான்."

வாளி நிறைந்து தண்ணீர் வழிந்தது, கெங்கம்மாக்காதான் குழாயை மூடினாள். அந்த வாரம் அப்பா போய்க் கேட்கும் முன்னாலேயே எண்ணெய்க் காசு வந்தது. வேலு மாமா அதற்குப் பிறகு சில வருஷம் இருந்தார். அந்தக் கால் கடைசிவரை அவரோடு இருந்தது.

இப்போது லயம் இல்லை. அந்த இடத்தில் "தாமான்" என்கிற புதுக் குடியிருப்பு வந்து, வாசலுக்கு வாசல் இரும்புக் கதவு போட்ட வீடுகள் நிற்கின்றன. எங்கள் சனம் ஈப்போ அடுக்குமாடிகளில் சிதறிவிட்டது. நீலப் பூப் போட்ட மங்கு எங்கே போனதென்று தெரியவில்லை. உதவி கேட்பது இப்போது ஃபோனில் வருகிறது, படுத்திருக்கும் ஆளின் படத்தோடு. படத்தை நான் நம்புவதில்லை. போன மாதம் கீழ்மாடியில் ஒருவருக்கு ரத்தம் சுத்தம் செய்கிறார்கள் என்று வந்தபோதும் நம்பவில்லை. படி இறங்கிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். அவர் மனைவியிடம் முதலில் கேட்டது, அவர் எதைச் சாப்பிடக் கூடாது என்றுதான். அந்தப் பெண் விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அதையெல்லாம் விட்டுவிட்டுச் சமைத்தேன். கடையில் "தாப்பாவ்" கட்டித் தருகிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொண்டுபோனேன்.

"டப்பாவத் திருப்பித் தர வேணாம்," என்றேன்.

அவள் டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏன்க்கா? எதுக்கு வேணாங்கிறீங்க?"

"சும்மாலா."

அவள் நம்பவில்லை. நான் படி திரும்பும்வரை கதவைச் சாத்தாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.