வெள்ளிக்கிழமைதோறும் ஐம்பது பிரதி

‘சனி, ஞாயிறு மட்டும் வேலை. முன் அனுபவம் தேவையில்லை. கை நிறையச் சம்பளம்.’ இப்படி ஒரு நோட்டீஸைப் பார்த்தால் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? எவ்வளவு சம்பளம் என்றுதானே? அங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறோம்.

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த கண்ணாடியக்காவும் கோட்டை விட்டாள். கண்ணாடி எப்போதும் அவள் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும். தாள் கைக்கு வந்தால் தானாக மூக்குக்கு இறங்கும். பத்திரமோ மருந்துச் சீட்டோ, படிக்காமல் எதையும் அவள் இயந்திரத்தில் வைத்ததில்லை. அந்த நோட்டீஸையும் அவள்தான் பிரதி எடுத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஐம்பது.

அவள் மகளின் காதுக் கருவி பழுதாகியிருந்தது. பரீட்சைக்கு ஐந்தே வாரம். வகுப்பில் வாத்தியாரின் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். “கவலைப்படாதம்மா. அத்தை பேசுறது ஒண்ணும் கேக்கல, நிம்மதியா இருக்கு” என்று அவள் சிரித்தாள். அந்த வெள்ளிக்கிழமை அக்கா ஐம்பத்தொரு பிரதி எடுத்தாள்; ஒன்று தனக்கு.

சனிக்கிழமை காலை நோட்டீஸில் இருந்த முகவரிக்குப் போனாள். விடுதிகளுக்குத் துணி வெளுக்கும் பெரிய சலவைக்கூடம் அது. பெரிய படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அவளுக்கு ஜோடியாக வாய்த்தவர் ஓய்வுபெற்ற கண்டக்டர்.

“ரைட்டுன்னு சொன்னாத்தான் எனக்குக் காலே நகரும்மா.”

“சொல்லிக்கிட்டே நடங்கண்ணே. விசில் மட்டும் வேண்டாம்.”

இரண்டு நாள் நீராவியில் வெந்து, தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஞாயிறு நாலு மணிக்கு சூப்பர்வைசர் ஒரு கட்டுத் தாளோடு வந்தான்.

“எல்லாரும் ஒரு கையெழுத்துப் போடுங்க. வழக்கமா வாங்குறதுதான்.”

கண்டக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். அக்காவின் கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. ‘தொழில் பழக நானாகவே வந்தேன். பழகும் இரண்டு நாளுக்கு ஊதியம் கோரமாட்டேன்.’

“சம்பளம் கிடையாதுன்னு போட்டிருக்கே சார்?”

“உங்களுக்கு அனுபவம் இல்லையேம்மா. நாங்க கத்துக் குடுத்தோம். ஃபீஸ் கேட்டோமா?”

“போன வாரம் வந்தவங்க எங்க?”

“அவங்க சரியா வரல.”

“அதுக்கு முந்தின வாரம்?”

“கிடக்கிற வேலையப் பாரும்மா!”

சுரீரென்றது அவளுக்கு. ஆள் கிடைத்துவிட்ட இடத்துக்கு வாராவாரம் எதற்கு நோட்டீஸ்? அனுபவம் வருவதற்குள் விரட்டிவிட்டால் ஆயுசுக்கும் ஓசி வேலைதான். ஊரார் தாளையெல்லாம் படித்தவள், தன் கையால் எடுத்த ஐம்பதை ஒரு நாள் யோசித்தாளா? தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து உதறினாள். பாதி வழி நடந்து, அப்படியே விட்டுவிட்டாள்.

“என்னம்மா ஆச்சு?” என்றார் கண்டக்டர்.

“சம்பளம் இல்லையாம் அண்ணே. ஸ்டாப்.”

முப்பது வருஷம் பஸ்ஸில் கத்திய தொண்டை அது. “ஸ்டாப்பிங்! எல்லாரும் இறங்குங்க!”

கூடம் முழுக்க ஜோடிக்கு ஒருவராவது முனையை விட்டார்கள். ஒருவர் விட்டால் போதும், மற்றவர் கை எதற்கும் உதவாது. வெளியே விடுதி வண்டி ஹாரன் அடித்தபடி நின்றது. சூப்பர்வைசர் தனியாக ஒரு விரிப்பை மடிக்கப் பார்த்து, தலையோடு போர்த்திக்கொண்டு நின்றான். கால் மணி நேரத்தில் உள்ளேயிருந்து சம்பளம் வந்தது. “இனிமே இந்தப் பக்கம் வந்துராதீங்க” என்ற வசவும் வந்தது.

கருவி பழுது பார்ப்பவர் கேட்டதில் பாதிக்குத்தான் அது ஆயிற்று. மகள் இன்னும் உதட்டைத்தான் பார்க்கிறாள்; அக்கா இன்னும் சனி, ஞாயிறுக்கு வேறு வேலை தேடுகிறாள்.

வெள்ளிக்கிழமை அதே நோட்டீஸ் கடைக்கு வந்தது. “கூட்டம் நிக்குது, சீக்கிரம் எடு” என்றார் முதலாளி. எடுத்தாள். அதற்கு முன் மூலத் தாளின் அடியில் குண்டு குண்டாக ஒரு வரி எழுதினாள்: ‘முதல் இரண்டு நாளுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டுவிட்டு வரவும்.’ அது ஐம்பது வரியாயிற்று.

உங்கள் தெருக் கம்பத்திலும் அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பையிலிருக்கும் பேனாவை எடுத்து நீங்களே எழுதிவிட்டுப் போங்கள்.