யாங்கோன் படகுத்துறையில் ஐஸ் பாதை

மீன் படகுகள் நிற்கும் துறையில், காலை வெயிலில் ஐஸ் கட்டிகள் புகைந்துகொண்டிருக்கின்றன. நாளை நாங்கள் ஐந்து பேர் வடக்கே பூட்டாவோவுக்குப் பறப்பதாக ஏற்பாடு. அங்கே பனி உறைந்த மலைப்பாதைகளில் மூன்று நாள் ஓட்டம். போன குளிர்காலத்தில் இமாசலத்தில் இப்படி ஓடியபோது வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டேன். இந்த முறை நான் யாங்கோனிலேயே தங்கிவிடப் போகிறேன். அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ஐஸ் இறக்கும் கோ செல்வம் தமிழர்; அண்ணன் என்பதை இங்கே 'கோ' என்பார்கள். என் தோழி நளினி வாங்கிவந்திருக்கும் ஆணி வைத்த காலணியைப் பார்க்கிறார்.

"இது எதுக்கு அக்கா?"

"ஐஸ் மேல ஓட" என்கிறாள் நளினி.

"யேகே மேலயா?" என்று ஐஸைப் பர்மியச் சொல்லால் கேட்கிறார். "நான் தினமும் அதுமேலதானே நிக்கிறேன்!"

சிரித்தபடி பத்துப் பன்னிரண்டு கட்டிகளைத் தரையில் வரிசையாகத் தள்ளி வைக்கிறார். நளினி காலணியை என்னிடம் நீட்டுகிறாள். மாட்டிக்கொண்டு கட்டிமேல் ஏறிய முதல் அடியிலேயே தடுமாறுகிறேன். கோ செல்வம் தோளைக் கொடுக்கிறார்.

"எட்டி வைக்காதீங்க அக்கா. சின்னச் சின்னதா வைங்க. காலு முழுசா படணும்."

அப்படியே வைக்கிறேன். கணுக்காலைச் சுற்றி வெண்புகை எழுகிறது. தரை தெரியவில்லை. படகுக்காரர்களின் கூச்சல் எங்கோ தூரத்தில் கேட்கிறது. வரிசை முடிந்ததும் யாரும் சொல்லாமலே திரும்பி ஓடுகிறேன்.

"நாளைக்கு வர்றேல்ல?" என்று நளினி மெதுவாகக் கேட்கிறாள். நான் தங்கிவிட நினைத்தது இவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

கட்டிகளை எடுக்கக் குனிந்த கோ செல்வத்தைக் கையால் தடுக்கிறேன்.

"இருங்க, இன்னும் ஒரே தடவை."