புரூஃபோடு நின்ற பெயர்

இந்த ஊரில் ஓர் அட்டையைத் தொடுவதற்கு முன் நான் கையைக் கழுவி, துடைத்து, காயவிட வேண்டும். பழைய பேஸ்பால் அட்டைகளைச் சோதித்துப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் நியூஜெர்சிக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. அட்டை என்றதும் பிரமாதமாக எதையும் நினைத்துவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிகரெட் பாக்கெட் நசுங்காமலிருக்க உள்ளே செருகிய துண்டு அட்டை. சும்மா செருகுவானேன் என்று ஆட்டக்காரர் படத்தை அதில் அச்சடித்தார்கள். பிள்ளைகள் விளையாடினார்கள், கிழித்தார்கள், தொலைத்தார்கள். தப்பிப் பிழைத்ததற்குத்தான் இன்று இத்தனை உபசாரம். "என்னை ஒருநாளாவது இவ்வளவு பதமா பிடிச்சிருக்கியா?" என்பார் என் கணவர் சலீம்.

பாபநாசத்தில் எங்கள் வீட்டிலும் ஓர் அட்டைக்கு மரியாதை உண்டு, கல்யாணப் பத்திரிகைக்கு. அச்சுக்குப் போகுமுன் பிரஸ்ஸிலிருந்து புரூஃப் வரும். அப்பா சிவப்புப் பேனாவோடு உட்கார, நான் உரக்க வாசிப்பேன். பெயர் சரியாக இருந்தால் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் போடுவார். சித்தப்பா கல்யாணத்தில் திருக்காட்டுப்பள்ளிப் பெரியப்பா பெயர் எப்படியோ விட்டுப்போனது. மறுபடி அச்சடித்து எடுத்துக்கொண்டு ஓடினார்கள். "அடிச்சப்புறம் ஞாபகம் வந்த ஆளா நானு?" என்று வாசலோடு அனுப்பிவிட்டார். சாகும்வரை எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. பத்திரிகையில் பெயர் இல்லையென்றால் அந்த வீட்டில் அவருக்கு இடமில்லை என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

நான் நாகூர்ப் பையனைக் கட்டிக்கொண்டதிலிருந்து, லுத்தரன் சபைப் பெரியவரான அப்பா என்னோடு பேசுவதில்லை. போன வருடம் தம்பி எபி தன் கல்யாணப் புரூஃபைப் போனில் படமெடுத்து அனுப்பினான். அழைப்பவர்கள் வரிசையில் 'ஹெலன் – சலீம், அமெரிக்கா' என்றிருந்தது. அடுப்படியிலேயே நின்று அழுதேன். அப்பா கூப்பிட்டுவிட்டார்! சலீம் அன்றே பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வைத்தார்.

மறுநாள் எபி போனில் மென்று விழுங்கினான்.

"அக்கா, அந்தப் படம் அப்பா பாக்குறதுக்கு முன்னாடி எடுத்ததுக்கா. பிரஸ்ல பேரு குடுத்தது நான்தான். பொண்ணு வீட்டுலயும் யாரு இந்த சலீம்னு கேக்குறாங்க... மச்சான் பேரு மட்டும் வேணாமாம்."

"என் பேரு?"

"அத இப்பவும் போட்டுக்கலாம். நீ மட்டும் வாக்கா."

"அப்ப என் பேரையும் எடுத்துடச் சொல்லு."

"அவசரப்படாதக்கா."

"இதுல என்னடா அவசரம்? எடுத்துடச் சொல்லு, அவ்வளவுதான்."

பக்கத்தில் நின்ற சலீம், "போயேன் ஹெலன். தம்பி கல்யாணம். என் பேரு இல்லாட்டி நான் என்ன குறைஞ்சா போயிடப்போறேன்?" என்றார். எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. என்ன மனுஷன் இவர்! பெட்டி மறுபடி பரணுக்குப் போனது.

அந்த வாரம்தான் உடன் வேலை செய்யும் டேவ், பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல ஓர் அட்டையை ஏந்தி வந்தார். பின்பக்கம் வெறுமை, ஓரத்தில் வெட்டுக் குறிகள். புரூஃப். நிறமும் எழுத்தும் பார்த்தபின் குப்பைக்குப் போகவேண்டிய காகிதம், அதனாலேயே அட்டையைவிட அரிது. "இவர் அணியிலிருந்து போய்விட்டார். அதனால் அட்டையை அச்சடிக்கவே இல்லை. இவர் பெயரோடு உலகத்தில் இது ஒன்றுதான்!" என்றார். என் பெயரும் அப்படி ஒரு புரூஃபோடு நின்றுவிட்டது என்றேன். டேவ் முகம் மலர்ந்தது. "அபாரம்! விட்டுவிடாதே, நீ அதிர்ஷ்டசாலி." அதிர்ஷ்டமாம்! இவருக்கு எங்கேயிருந்து சொல்லத் தொடங்குவது? தலையாட்டி வைத்தேன்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் எபியிடமிருந்து கூரியர் வந்தது. உள்ளே எங்கள் பெயரில்லாத பத்திரிகை, அதன் அடியில் அப்பா திருத்திய அந்தப் புரூஃப். மீன் குழம்பு வைத்த கையோடு பிரித்தேன். சலீம் என்ற பெயர் மேல் சிவப்புக் கோடு, தாள் கிழியும் அழுத்தத்தில். ஹெலன் மேல் கோடு இல்லை. பக்கத்தில் சின்னதாக ஒரு டிக்.

அப்பா எனக்கு டிக் போட்டிருக்கிறார். என் பெயரை எடுத்தது நான்தான்.

"யாரு, எபியா? என்ன அனுப்பியிருக்கான்?" என்று சலீம் உள்ளேயிருந்து வந்தார். அந்தக் கோடு அவர் கண்ணில் படக்கூடாது. மஞ்சள் கறையோடு கட்டைவிரலை அதன்மேல் அழுத்தினேன். கோடு மறைந்தது, கூடவே அவர் பெயரும். தாளில் ஹெலன் மட்டும் இருந்தாள், அப்பா கேட்டபடியே.