குப்பிக்குள் ஐஸ்

1. நாலாவது நாற்காலி

அந்தப் புதன்கிழமை அங்கன்வாடியில் மூன்று கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டு முடித்திருந்தேன். போன வாரம் திறந்த குப்பியில் மீதமிருந்த மூன்று டோஸும் அவர்களோடு தீர்ந்துவிட்டது. நாலாவதாகத் தனலட்சுமி வந்து உட்கார்ந்தாள், நாலு மாசம். மருந்து கொண்டுவரும் கேரியர் பெட்டியைத் திறந்து புதுக் குப்பியை எடுத்தேன். பின்னால் நின்றிருந்த அவள் புருஷன் காசிமாயன் குனிந்து பார்த்தார்.

"நர்சம்மா, கொஞ்சம் இருங்க. அந்தப் பாட்டில்ல ஐஸ் இருக்கு."

"பெட்டிக்குள்ள ஐஸ் பேக் வச்சிருக்கோம்ல தம்பி. வெளிய கொஞ்சம் ஒட்டியிருக்கும்."

"வெளிய இல்ல. உள்ள."

சன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடிச் சுவரை ஒட்டி, நகத்துணுக்கு அளவில், மெல்லிய ஏடு போல ஒன்று நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் கரைந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது மருந்தைப் பற்றிய கவலை இல்லை. 'ஊசி போடாம கூட்டிட்டுப் போக இவருக்கு ஒரு சாக்கு கிடைச்சிருச்சு' என்றுதான் நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குக் காரணம் இருந்தது.

2. அதற்கு முந்தைய கதை

அப்போது உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் கிராம சுகாதார செவிலியர். காசிமாயன் சந்தையில் மாடு வாங்கி விற்பவர். வீட்டிலும் கறவை மாடுகள் உண்டு. இரண்டு வருடம் முன்னால் தனலட்சுமி முதல் தடவை உண்டானபோது நான்தான் டிடி ஊசி போட்டேன். ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடுவது அது. தாய்க்குப் போட்டால் பிறக்கும் பிள்ளைக்கும் அந்தப் பாதுகாப்பு போய்ச் சேரும். போட்ட ஒன்பதாம் நாள் அவளுக்குக் கரு கலைந்துவிட்டது.

காசிமாயன் துணை சுகாதார நிலையத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நீங்க போட்ட ஊசிதான?"

"ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. டாக்டரைப் போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். நான் சொன்னது சரியான தகவல்தான். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் இரண்டு பெண்கள் ஊசிக்கு வரமாட்டேன் என்றார்கள். அவர்கள் பெயருக்கு நேராக 'மறுப்பு' என்று எழுதி மாத அறிக்கை அனுப்பினேன். யார் கேட்டாலும், 'அந்த மாட்டு வியாபாரி கெடுத்து வச்சிருக்காரு' என்றேன்.

தனலட்சுமி மறுபடியும் உண்டானபோது நாலு தடவை அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். நாலாவது தடவை காசிமாயன் வாய் திறந்தார்.

"என் மாட்டுக்குக் கோமாரி ஊசி போட வந்தாலே மருந்துப் பெட்டியத் திறந்து பாத்துட்டுத்தான் போட விடுவேன். பொண்டாட்டிக்குப் பாக்காம விட்ருவேனா?"

"வந்து நல்லாப் பாருங்க" என்றேன், எரிச்சலில். அப்படித்தான் அந்தப் புதன்கிழமை அவர் வந்து நின்றார்.

3. சாயங்கால வெப்பநிலை

குப்பியை அவர் கண்முன்னாலேயே கேரியருக்குள் திருப்பி வைத்து மூடினேன். காத்திருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினேன். ஊசி போட்டுக்கொண்ட மூன்று பேரிடமும், "மருந்துல ஒரு சந்தேகம். பாத்துட்டு நானே வீட்டுக்கு வந்து சொல்றேன்" என்றேன். அதில் ஒருத்திக்கு நிறைமாதம். என் முகத்தையே பார்த்துக்கொண்டு போனாள்.

"நானும் வாரேன்" என்றார் காசிமாயன்.

"எதுக்கு?"

"வழியில பாட்டிலை மாத்திட்டா?"

கோபம் வந்தது. ஆனாலும் ஆட்டோவில் ஏறினேன். அவர் பைக்கில் பின்னாலேயே வந்தார்.

மருந்தறையில் பார்மசிஸ்ட் ராசேந்திரன் அண்ணன் இருந்தார். அவரோடு பல வருடப் பழக்கம். என் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தவர். விஷயத்தைச் சொன்னதும் குப்பியை வாங்கி, லேபிளில் இருந்த வி.வி.எம். அடையாளத்தைக் காட்டினார். வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சூடுபட்டால் சதுரம் கறுக்கும்.

"சதுரம் வெளுப்பாத்தான இருக்கு. மருந்து நல்ல மருந்து சிஸ்டர். ஐஸ் பேக்கை ஒட்டி வச்சிருப்பீங்க."

"அண்ணே, அது சூட்டைத்தான் காட்டும். உறைஞ்சு போனதைக் காட்டாதே."

அவர் குப்பியை மேசையில் வைத்தார். தப்பு என் பெட்டியிலா அவர் குளிர்பெட்டியிலா என்று எனக்கும் தெரியவில்லை. மருந்து வைக்கிற குளிர்பெட்டியை ஐ.எல்.ஆர். என்போம். இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக்கூடாது, எட்டுக்கு மேலேயும் போகக்கூடாது. அதன் மேல் வெப்பநிலை நோட்டு கிடந்தது. புரட்டினேன். காலை நாலு டிகிரி, மாலை நாலு டிகிரி. அடுத்த நாளும் அப்படியே. பக்கம் பக்கமாக நாலு. ஒரு நாள்கூட மூன்றோ ஐந்தோ இல்லை.

கடைசி வரிக்கு வந்தேன். அன்றைய தேதி. காலை நாலு. மாலை நாலு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை.

"அண்ணே, சாயங்காலத்துக்கும் எழுதிட்டீங்களா?"

"ரெண்டு ஆஸ்பத்திரி பாக்குறேன் சிஸ்டர். மத்தியானம் அங்க போகணும். நான் என்ன பண்ண?"

அது உண்மைதான். அவருக்கு இரண்டு இடம் பொறுப்பு. நான் பெட்டி மூடியைத் தூக்கினேன். உள்ளே தெர்மாமீட்டர் முள் பூஜ்யத்துக்குக் கீழே நின்றது. டிடி குப்பிகள் கூடையில் இல்லை, அடித்தட்டில், குளிர் அதிகமாகத் தங்குகிற இடத்தில் கிடந்தன.

காசிமாயன் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து நோட்டின் இன்னொரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு கையெழுத்து?"

என்னுடையது. ஒவ்வொரு புதன்கிழமையும் மருந்து எடுக்கும்போது 'வெப்பநிலை சரி பார்த்தேன்' என்ற கட்டத்தில் நான் போட்ட கையெழுத்து. ஒரு புதன்கிழமைகூட நான் முள்ளைப் பார்த்ததில்லை. ராசேந்திரன் அண்ணன் எழுதியிருக்கிறாரே என்று போட்டேன்.

"என்னுதுதான்" என்றேன்.

4. ஷேக் டெஸ்ட்

மெடிக்கல் ஆபீசர் வயதில் என் மகளைவிடச் சின்னவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டார். "சிஸ்டர், ஐஸ் பேக்கை ஃப்ரீசர்ல இருந்து எடுத்து அப்படியே கேரியர்ல வச்சீங்களா?" வெளியே வைத்து, வேர்க்க விட்டு, ஆட்டினால் தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் வைத்தேன் என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. "ஷேக் டெஸ்ட் பண்ணிடலாம்" என்றார்.

டிடி மருந்து ஒரு தடவை உறைந்தால் அதன் சக்தி போய்விடும். கரைந்த பிறகு பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். ஆகவே அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறைய வைத்து, கரைய விட வேண்டும். பிறகு அதையும் சந்தேகக் குப்பியையும் சேர்த்துக் குலுக்கி மேசையில் வைக்க வேண்டும். உறைந்த மருந்தில் வண்டல் வேகமாகக் கீழே இறங்கும். சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்தில் இறங்கினால், அதுவும் உறைந்ததுதான்.

உறைய ஒரு ராத்திரி வேண்டும். காசிமாயன் கேட்டார்: "ரூம் சாவி யார்கிட்ட இருக்கும்?"

டாக்டருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் பிளாஸ்டர் எடுத்து, சந்தேகக் குப்பிகள் இருந்த டப்பாவைச் சுற்றி ஒட்டி, "நீங்களே கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவைக் கொடுத்தார். பிளாஸ்டர் மேலேயே அவர் போட்டார்.

மறுநாள் அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிரிக்க விட்டார். இரண்டு குப்பியையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி டாக்டர் மேசையில் வைத்தார். அரை மணி நேரம் ஆவதற்குள் இரண்டிலும் மேலே தண்ணீர் தெளிந்து, அடியில் வெள்ளையாக வண்டல் உட்கார்ந்துவிட்டது. எது எது என்று லேபிளைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

ராசேந்திரன் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

5. யாருக்குச் சொல்வது

அந்த நோட்டை நம்ப முடியாது என்பதால், பெட்டி எப்போது கெட்டது என்று யாருக்கும் தெரியாது. கடைசியாக மெக்கானிக் வந்து பார்த்துச் சரியென்று எழுதிய நாளிலிருந்து கணக்கு எடுத்தோம். அந்த நாளுக்குப் பிறகு டிடி போட்ட கர்ப்பிணிகள், உறைந்தால் கெடுகிற மற்ற ஊசிகள் போட்ட குழந்தைகள் என்று எழுதினால் இரண்டு பக்கம் வந்தது.

காசிமாயன் போன பிறகு டாக்டர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "மேல ரிப்போர்ட் பண்றேன். ஆனா காசிமாயன் ஒருத்தர்தான பாத்தாரு, ஊர்ல எல்லார்கிட்டயும் நாமளே போய்ச் சொல்லணுமா சிஸ்டர்? புது ஸ்டாக் வந்ததும் அடுத்த டோஸ்னு சொல்லிப் போட்டுட்டா என்ன? சொன்னா இனி ஒருத்தரும் வரமாட்டாங்க."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அப்படிச் செய்தால் என் கையெழுத்தும் வெளியே தெரியாது. பிறகு அந்த நிறைமாதக்காரி பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. நானே வந்து சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

"மேடம், இப்ப மறைச்சுப் போட்டா, நம்மளைச் சந்தேகப்பட்டது சரின்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும்."

டாக்டர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, நானும் வரேன்" என்றார்.

முதலில் அந்த நிறைமாதக்காரி வீட்டுக்குப் போனோம். அவளுடைய மாமியார் கேட்டார்: "அப்ப இம்புட்டு நாளும் தண்ணியவா குத்துனீங்க?"

"மருந்துதாம்மா. ஆனா உறைஞ்சதால சக்தி போயிருக்கும். பிள்ளைக்கு அதனால கெடுதல் வராது. குத்துன இடத்துல வீக்கம் வந்தா உடனே சொல்லுங்க. பாதுகாப்புக்கு நல்ல மருந்து திரும்பப் போடணும். நான் பாத்து எடுத்திருக்கணும், பாக்கல."

அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை, அதுவே போதும் என்று நின்றோம். இன்னொரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு குடும்பம் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. போகிற தெருவிலெல்லாம் காசிமாயன் பைக்கை நிறுத்திவிட்டு மூலையில் நின்றார். எங்களுக்காக யாரிடமும் பேசவில்லை. ஏதாவது வீட்டை விட்டுவிட்டுப் போகிறோமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எதையும் விடவில்லை.

எனக்கும் ராசேந்திரன் அண்ணனுக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அவர் என்னோடு பழைய மாதிரிப் பேசியதில்லை.

6. தனலட்சுமி

புது மருந்து வந்த புதன்கிழமை, பட்டியலில் பாதிக்கு மேல் வந்தார்கள். காசிமாயனும் வந்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தார், குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

தனலட்சுமி சட்டைக் கையை மேலே தள்ளினாள். அதுவரை என்னிடம் அவள் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. சிரிஞ்சை எடுத்தபோது கேட்டாள்.

"அக்கா, போன தடவ... அது ஊசியாலயா?"

சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு, அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"இல்லம்மா. இந்த ஊசி கருவைக் கலைக்காது, கெட்டுப்போன மருந்தா இருந்தாலும் கலைக்காது. நாள் தள்ளிப்போன புதுசுல நெறயப் பேருக்கு இப்படி ஆகும். உனக்கு எதனால ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. நீ தூக்குனதுனாலயோ நடந்ததுனாலயோ இல்ல. உன் தப்பு எதுவும் இல்ல."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தண்ணிக் குடம் தூக்குனேன்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டிருந்தேன். இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லக்கா."

காசிமாயன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது புதுச் செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. ஊசியைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தவருக்கு, வீட்டுக்குள் அவள் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இரண்டு வருடத்தில் அவளிடம் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஊசியைப் போட்டேன். மாசம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது, நல்ல எடையோடு.

இப்போது ஓய்வு பெற்று ஆனையூரில் இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் சிலர் போனில், "சந்தேகப்படுறவங்களை எப்படிக்கா சமாளிக்கிறது?" என்று கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன் முள்ளைப் பாருங்கள். எழுதியிருப்பவர் சொந்த அண்ணனாகவே இருந்தாலும் நீங்களும் பாருங்கள். ஊசி போட்ட பிறகு ஒரு பெண்ணுக்கு எது நடந்தாலும், அது ஊசியால் இல்லை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும், அவள் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். வாசலில் நின்று கேட்கிற புருஷனுக்குப் பதில் சொல்லுங்கள். அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கிறவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.