முகையூர்ப் பக்கம் ஒரு கிழங்கைப் பார்க்கப் போனது

காலை ஆறரை மணிக்குத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் நின்றபோதுதான் அன்றைக்கு அமாவாசை என்பது எனக்கு உறைத்தது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் நடைமேடையை அடைத்துக்கொண்டு நின்றது. கண்ணில் பட்ட பஸ்ஸுக்கெல்லாம் அந்த ஊர்ப் போர்டையே மாட்டியிருந்தார்கள். நாங்கள் போக வேண்டியது வேறு திசை. முதலில் விழுப்புரம், நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து முகையூர்ப் பக்கம் இன்னொரு முப்பது. அதற்கப்பால் நாங்கள் இறங்கிய ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அரிய செடி முளைக்கிற இடத்தை அச்சில் சொல்லக் கூடாது என்று தாவரவியல்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்லூரியில் தாவரவியல் நடத்திப் பிழைக்கிற நான் அதையாவது காப்பாற்றுகிறேன்.

என்னோடு வந்தவர் தாண்டெகா. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியைச் சேர்ந்த பெண்மணி, நாற்பத்தைந்து வயதிருக்கும், அங்கே புல்வெளிச் செடிகளைப் பற்றி ஆராய்கிறவர். சென்னையில் ஒரு கருத்தரங்குக்கு வந்தவர், முந்தைய நாள் மாலையே திண்டிவனத்துக்கு வந்து என் வீட்டில் தங்கினார். இது 2011 செப்டம்பர். நாலு நாள் முன்பு நல்ல மழை பெய்திருந்ததால் செடி தலைகாட்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு அந்த நாளைக் குறித்திருந்தேன். அமாவாசையைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை.

டீக்கடையில் நின்றுகொண்டே அவர் வந்த காரணத்தை மறுபடி ஒருமுறை சொன்னார். அவர் நாட்டில் ஒரு செடி இருக்கிறது. ஒரு சாண் உயரம், நாலைந்து இலை, கருஞ்சிவப்பாக ஒரு பூ, மண்ணுக்கடியில் தட்டையான கிழங்கு. உலகத்தில் ஒரே ஒரு குன்றின் சரிவில்தான் அது இருக்கிறது. அங்கே ஒவ்வொரு செடிக்கும் அதன் நிலை என்ன என்று எழுதிவைக்கிறார்கள். பயமில்லை என்பதில் தொடங்கி அழிந்துவிட்டது என்பது வரை படிப்படியாகப் போகும். இந்தச் செடிக்கு ‘மிக அருகிவிட்டது’ என்று எழுதியவர் தாண்டெகாதான். எழுதியதும் அரசாங்கம் குன்றைச் சுற்றிக் கம்பி வேலி போட்டது. மாடு உள்ளே வரக் கூடாது, தீ வைக்கக் கூடாது, யாரும் தோண்டக் கூடாது.

“ஆறு வருஷம் ஆச்சு,” என்றார். “வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகிறது. புல் இடுப்புயரம் நிற்கிறது. வேலிதான் அதைக் கொல்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். வேலியை எடுத்துவிட்டால் மாடு மிதித்தே கொன்றுவிடும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். ஊருக்குப் போனதும் என் முடிவைச் சொல்ல வேண்டும்.”

அந்தச் செடிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு செடி நம் பக்கத்து மேய்ச்சல் மேடுகளில் உண்டு. வேலி கிடையாது, காவல் கிடையாது. ஆடு மேய்கிறது, ஆடு மேய்ப்பவர்கள் பசித்தால் தோண்டித் தின்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் அது எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்கத்தான் வந்திருந்தார்.

ஏழே கால் மணிக்குச் சென்னையிலிருந்து வந்த ஒரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டோம். ஆளுக்குப் பதின்மூன்று ரூபாய். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே தாண்டெகாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்த ஊரு மேடம் இவங்க?”

“தென்னாப்பிரிக்கா.”

“அட, கிரிக்கெட்டு! எல்லா மேட்ச்சும் நல்லா ஆடிட்டு முக்கியமான மேட்ச்ல மட்டும் எப்டி மேடம் கோட்டை வுடறாங்க? கேட்டுச் சொல்லுங்க.”

கேட்டுச் சொன்னேன். தாண்டெகா வாழ்நாளில் ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லையாம். கண்டக்டர் நம்பவில்லை. தோற்ற வருத்தத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

விக்கிரவாண்டி வரை சாலையின் இரண்டு பக்கமும் கலர் கொடி நட்ட மனைகள்தான். இதென்ன திருவிழாவா என்று தாண்டெகா கேட்டார். வீட்டு மனை விற்கிறார்கள் என்றேன். கொடிகளுக்கு அடியில் இருந்த புல்லையே அவர் பார்த்துக்கொண்டு வந்தார்.

விழுப்புரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, முகையூர் வழியாகத் திருக்கோவிலூர் போகிற டவுன் பஸ்ஸைப் பிடித்தபோது மணி ஒன்பதரை. இருபுறமும் கரும்பு, நடுநடுவே மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலைக் கொல்லை. முகையூரில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்குப் பத்து ரூபாய். ஊர் முகப்பில் குகை மாதிரி கட்டிய ஒரு மாதா கெபி, அதற்கு எதிரே தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குப் பின்னால் அருள்மேரியின் வீடு.

அருள்மேரி கூலிக்குக் களையெடுக்கப் போகிறவள். சொந்தமாக நிலம் இல்லை, பதினைந்து ஆடு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த மேட்டில் நான் செடி தேடிக்கொண்டிருந்தபோது, வெயிலில் மயங்கி விழப்போகிறேன் என்று பயந்து வீட்டுக்கு இழுத்துப் போய் மோர் கொடுத்தவள். அன்றிலிருந்து பழக்கம். மூன்று நாள் முன்பே போன் செய்து சொல்லியிருந்தேன்: ‘வெளிநாட்டுலேர்ந்து ஒரு அம்மா அந்தக் கிழங்கைப் பார்க்க வர்றாங்க. வேற ஒண்ணும் வேணாம், சாப்பாடுகூட செய்யாதே. சும்மா பார்த்துட்டுப் போயிடுவோம்.’

“வாங்க டீச்சர், வாங்கம்மா,” என்று நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

“முதல்ல மேட்டுக்குப் போயிட்டு வந்துடறோம் மேரி.”

“அதெல்லாம் அப்பாலிக்குப் போலாம். கை கழுவிக்கினு உக்காருங்க. ஆறிடப் போவுது.”

என்ன ஆறப் போகிறது என்று யோசிப்பதற்குள் அகலமான எவர்சில்வர் தட்டு வந்தது. தோல் சீவி, உப்புப் போட்டு வேகவைத்து, ஆவி பறக்கக் குவித்திருந்த கிழங்குகள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் காரச் சட்னி.

தாண்டெகா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த வடிவத்தைப் பத்து வருடமாகப் பார்த்து வருகிறவர்.

“மேரி, இது...”

“நீங்க சொன்ன கெழங்குதான். நானும் மகளிர் குழுவுல இருக்கற ரெண்டு பேரும் ரெண்டு நாளா மேடு பூரா தேடித் தேடித் தோண்டனோம். முதுகு புட்டுக்கிச்சு போங்க.”

“நான் பார்க்கணும்னுதானே சொன்னேன்?”

“நீங்க அப்டித்தான் சொல்வீங்க,” என்று சிரித்தாள். “அம்மாந் தூரத்துலேர்ந்து ஏரோப்ளேன்ல வந்து ஒரு கெழங்க சும்மா பாத்துட்டா போவாங்க? வாய் தொறந்து கேக்கக் கூச்சப்பட்டுக்கினு சொல்றாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?”

அவள் மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. எங்கள் பக்கம் விருந்தாளி ஒன்றும் வேண்டாம், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தோம் என்று சொன்னால், உலையில் இன்னும் ரெண்டு பிடி அரிசி போட வேண்டும். சாப்பாடு செய்யாதே என்று அழுத்திச் சொன்னால் கோழி அடிக்க வேண்டும். நான் பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் இருக்கிறேன். எனக்கும் அது தெரியும், ஆனாலும் போனில் அப்படியே பேசிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தாண்டெகா ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார், “சாப்பிடவில்லை என்றால் என்ன நினைப்பார்கள்?”

“தன் வீட்டில் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று நினைப்பாள்,” என்றேன். அருள்மேரியின் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம் என்கிற மனிதர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள். அதையும் சொன்னேன். தன் நாட்டில் நிறத்தை வைத்து நடந்ததால் அதைப் பற்றித் தனக்கும் கொஞ்சம் தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் ஒரு கிழங்கை எடுத்துக் கடித்தார். நானும் எடுத்தேன். மாவாகத்தான் இருந்தது, கடைசியில் லேசாக ஒரு கசப்பு.

“பத்து வருஷமாகக் காவல் காக்கிறேன். ருசி இன்றைக்குத்தான் தெரிகிறது,” என்றார். அவர் சிரிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று அருள்மேரியிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். தட்டில் இன்னும் நாலு விழுந்தது. பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, கோழிக் குழம்பும் வந்தது.

மதியம் ஒன்றே கால் மணிக்கு மேட்டுக்குக் கிளம்பினோம். ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர், ஊருக்குப் பொதுவான மேய்க்கால் புறம்போக்கு. வழி நெடுக தாண்டெகா தரையையே பார்த்துக்கொண்டு நடந்தார். அவர் மனதில் ஓடியது எனக்குத் தெரிந்தது. வேலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் நாட்டில் மற்றவர்கள் சொன்னார்களோ, அதைத்தான் இப்போது சட்னி தொட்டுச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்.

மேட்டில் எங்கே பார்த்தாலும் கடப்பாரைக் குழிகள். ஈரமண் இன்னும் காயவில்லை. குழிகளுக்கு நடுவில் அருள்மேரியின் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தாண்டெகா இரண்டு குழிகளைப் பார்த்தார், மூன்றாவதைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். நான் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். இருபது வருஷ வேலையில் இவ்வளவு அவமானமாக நான் உணர்ந்ததில்லை.

திடீரென்று அவர் மண்டியிட்டு மூக்கைத் தரையில் வைத்தார். ஆட்டுப் புழுக்கை, மழைமண், அவற்றோடு செத்த எலி நாறுகிற மாதிரி ஒரு வாடை. ஈக்களைக் கூப்பிட அந்தப் பூ வைத்திருக்கும் வாடை. புல்லுக்கு நடுவில், சுண்டுவிரல் உயரத்தில், கருஞ்சிவப்பாக ஒன்று. அரை முழம் தள்ளி இன்னொன்று. குனிந்து பழகியதும் எனக்கும் தெரிய ஆரம்பித்தது. குழிகளுக்கு இடையில் எல்லாம் குட்டிச் செடிகள்.

“மேரி! இதையெல்லாம் ஏன் தோண்டல?”

“தோண்டிப் பாத்தோம் டீச்சர். கோலிகுண்டு கணக்கா இருக்குது. வந்தவங்களுக்கு அதப் போயி வைக்க முடியுமா? அசிங்கமா பூடும்னு அப்டியே மூடிட்டோம்.”

மொழிபெயர்த்தேன். தாண்டெகா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அருள்மேரி பதறி, அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கலியா என்று கேட்டாள்.

மேட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தை யாரோ டவுன்காரர் வாங்கி முள்கம்பி கட்டிவிட்டுப் போயிருந்தார். வீடும் கட்டவில்லை, பயிரும் வைக்கவில்லை. அதே செம்மண், அதே மழை. புல் மட்டும் இடுப்புக்கு வந்திருந்தது.

“இதுக்குள்ள தோண்டுவீங்களா?” என்று கேட்டேன்.

“ஐயோ, அவரு ரொம்பப் பேஜாரு புடிச்ச ஆளு. ஆடு வாய வச்சாலே கேஸு குடுப்பேன்றாரு. நாங்க அந்தாண்டையே போறதில்ல.”

தாண்டெகா கம்பிக்கு அடியில் படுத்து நுழைந்தார். தடுத்தாலும் கேட்கமாட்டார் என்று தெரிந்து நானும் நுழைந்து புடவையைக் கிழித்துக்கொண்டேன். நாலு மணி வரை புல்லை விலக்கி விலக்கித் தேடினோம். காய்ந்த புல்லுக்குக் கீழே வெளிச்சமே இல்லை. மெத்தை மாதிரி மக்கிப்போன சருகு. அந்தச் செடி ஒன்றுகூட இல்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் ஆடு கடித்து, ஆள் மிதித்து, கடப்பாரை இறங்கிய மண்ணில் பூ பூத்துக்கொண்டிருந்தது.

நாலரைக்கு விடைபெற்றோம். அருள்மேரி ஒரு பை நிறைய பச்சை மல்லாட்டையைத் திணித்தாள். “அடுத்த வருசம் வர்றப்ப முன்னாடியே சொல்லிடுங்க. பெருசு பெருசா எடுத்து வச்சிடறேன்,” என்றாள். ஐயோ வேண்டாம் மேரி, தயவுசெய்து ஒண்ணுகூடத் தோண்டாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினாள். நான் எவ்வளவு அழுத்தமாகச் சொன்னேனோ அவ்வளவு பெரிய தட்டாக அவள் மனதில் எடுத்துவைத்துவிட்டாள் என்பது பாதி வழியில்தான் எனக்குப் புரிந்தது. மறுநாள் மறுபடி போய், ஒருநாள் முழுக்க அவளோடு ஆடு மேய்த்துப் புரியவைத்துவிட்டு வந்தேன்.

மாலை ஆறரை, விழுப்புரம் புதுப் பஸ் நிலையம். தாண்டெகா நேராகச் சென்னைக்குப் போய் இரவு விமானத்தைப் பிடிக்க வேண்டும்.

“வேலியை எடுக்கச் சொல்லப் போகிறேன்,” என்றார்.

“உறுதியாகத் தெரியுமா?”

“தெரியாது. வேறொரு நாட்டில், வேறொரு செடியை, ஒரு மதியம் பார்த்தேன். அதை வைத்து உறுதி என்று யாராவது சொன்னால் நானே நம்ப மாட்டேன். ஆனால் ஆறு வருஷம் காத்திருந்து பார்த்தாகிவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் காத்திருந்தால் காப்பாற்ற ஒன்றும் மிஞ்சாது.”

“தவறாகப் போனால்?”

“அங்கே இன்னொரு குன்று கிடையாது,” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “அழிந்துவிட்டது என்று எழுத வேண்டி வந்தால், அதையும் நான்தான் எழுத வேண்டும்.”

சென்னை பஸ் கிளம்பியது. ஜன்னலிலிருந்து கையாட்டினார். அந்த முகத்தில் பயம் இருந்தது. அவருக்காக எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நான் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி, மல்லாட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். மேலும் ஆராய வேண்டும் என்று நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலியை அப்படியே விட்டிருப்பேன். செடி உள்ளேயே பத்திரமாகச் செத்திருக்கும்.