மீந்த சொட்டு மருந்து

என் வலது கண்ணைத் தின்றது ஒரு காளான் என்று சொன்னால் எங்கள் தெருவில் இன்றும் சிரிப்பார்கள். காளான் என்றால் இவர்களுக்கு மழைக்காலத்தில் கல்வராயன் மலையிலிருந்து கூடையில் இறங்குவது, வெங்காயம் போட்டு வதக்கித் தின்பது. அது கண்ணில் முளைக்குமா? டாக்டரிடம் நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்குள் காரியம் கெட்டுவிட்டிருந்தது.

எங்கள் பக்கம் கரும்பு வெட்ட ஆளை ஜோடியாகத்தான் எடுப்பார்கள். புருஷன் வெட்ட வேண்டும், பெண்சாதி காய்ந்த தோகையை, எங்கள் பேச்சில் சோகையை, கழித்துக் கட்ட வேண்டும். ஒருத்தி படுத்தால் அவள் புருஷனுக்கும் வேலை கிடையாது. சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டால் அந்தக் கரும்புக் கொல்லை முடிகிற வரை ஜோடி பிரியக் கூடாது. அப்படியொரு கொல்லையில்தான் காய்ந்த சோகை ஒன்று விசுக்கென்று நிமிர்ந்து என் கண்ணைக் கீறியது.

மயிரிழை அளவுதான் கீறல். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி கண்ணில் தாய்ப்பால் பீச்சினாள். இன்னொருத்தி முந்தானையைச் சுருட்டி ஊதி ஒத்தடம் கொடுத்தாள். மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "தூசிதாம்மா, கசக்காத. லோடு ஏத்தணும், ஆவட்டும்" என்றார். நான் மறுபடியும் குனிந்தேன்.

சில நாளில் கண் ரத்தமாகச் சிவந்தது, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன். "நீ பூட்டா நான் யாரோட வெட்றது? இந்தக் கொல்லை முடியட்டும்" என்றார் புருஷன். "இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி? என் கண்ணு ஆபரேசனுக்குக் குடுத்த மருந்து மீதி கீது. அத்தையே ஊத்திக்கினு போ" என்றார் மாமியார்.

இலவச முகாமில் கண்புரை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் வீட்டு மாடத்தில் ஒரு குட்டிப் புட்டி மீந்து கிடக்கும். யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். டவுன் ஆஸ்பத்திரி மருந்தாயிற்றே, வீணாக்கலாமா? தெருவில் யாருக்குக் கண் சிவந்தாலும் அந்தப் புட்டி வீடு வீடாகக் கிளம்பிவிடும்.

கொடுமை என்னவென்றால், மருந்து கேட்டது. சிவப்பு வடிந்தது, வலி கம்மியானது. மாமியார் தெருவெல்லாம் பெருமை பேசினார். நான் அதை ஊற்றிக்கொண்டே கொல்லையை முடித்துக் கொடுத்தேன். முடித்த கையோடு கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி கிளம்பிப் பரவியது. எதிரில் நிற்பவர் முகம் புகையாகிவிட்டது.

வெளியூர்க் கண் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா விழியை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "நூல் நூலா இருக்குங்க. இது பூஞ்சை. காளான் இருக்கில்ல, அந்த இனம்" என்றார். பிறகு நான் கொண்டுபோயிருந்த புட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இனி தொடக் கூடாது என்று தனியே எடுத்து வைத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு வீக்கம் அடங்கக் கொடுக்கிற மருந்தாம் அது. கண்ணின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடுமாம். சிவப்பு வடிந்தது அதனால்தான்.

பூஞ்சை செடியும் இல்லை, பிராணியும் இல்லை என்றார். மக்கிய சோகையில், ஈரச் சுவரில், ஊறுகாய் ஜாடியில் எல்லாம் அதுதான். தூளாகக் காற்றில் பறக்கும். தொடையிடுக்குப் படர்தாமரை, சேற்றில் நிற்பவர்களின் கால்விரல் இடுக்குப் புண், சிசுக்களின் நாக்கில் படியும் வெள்ளை என்று எத்தனையோ வேஷம். கொரோனா சமயத்தில் சர்க்கரைக்காரர்களின் மூக்கிலும் கண்ணிலும் ஏறிய கருப்புப் பூஞ்சையும் இதற்குச் சொந்தம்தான். திடமான உடம்பில் பெரும்பாலும் வாலாட்டாது. நுழைய வழியும், தடுக்க ஆளில்லாத வீடும் கிடைத்தால்தான் குடியேறும். என் கண்ணில் வழியைத் திறந்தது சோகை. காவலை விரட்டியது மாமியாரின் புட்டி.

மணிக்கொரு தரம் வேறு மருந்து ஊற்றினார்கள். பூஞ்சை செத்தது, கண்ணில் பூ விழுந்தது. இப்போது வெயிலும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். மேஸ்திரி என் புருஷனுக்கு என் பெரிய நாத்தனாரை வெட்டுக்கு ஜோடி சேர்த்துவிட்டார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. எனக்காக ஒரு நாள் நிற்காத வெட்டு, நான் இல்லாமலே நடந்தது.

போன பருவத்தில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, கரும்பு வெட்டப் போகிறவள், கண்ணைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"யக்கா, சோகை கீறிடுச்சி. உங்க கண்ணு மருந்து மீதி கீதா?"

அவள் முகத்தைப் பிடித்து என் கண்ணுக்கு நேரே நிறுத்தினேன். "இதப் பாத்துமா கேக்கற?"

"அது உங்க மாமியா மருந்தால வந்ததுக்கா. நான் கேக்கறது அப்பால குடுத்தாங்களே, அந்த நல்ல மருந்து."

"அதெல்லாம் கெடையாது. இப்பவே பஸ் ஏறு, நானும் கூட வரேன்."

"நாளிக்கு வெட்டு உத்தரவுக்கா. நான் பூட்டா அவரு யாரோட வெட்டுவாரு?"

சொல்லிவிட்டு எதிர் வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுப் பெரியவருக்குச் சமீபத்தில்தான் புரை எடுத்திருந்தார்கள். பின்னாலேயே ஓடி வாசலில் நின்று, கொடுக்காதீர்கள், கொடுக்காதீர்கள் என்று கத்தினேன். அந்த வீட்டுக்காரி மாடத்திலிருந்து புட்டியை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உனுக்குத்தான் கண்ணு பூட்ச்சி. அவளுக்காவது நல்லாவட்டுமே, இன்னாத்துக்கு வயிறெரியற?"